பஸ் லீடர் மெம்பர் ஆன கதை

திலகவதியின் தம்பி பூவராகவன் முதன்முதலில் தேர்தலில் நின்றது எட்டாம் வகுப்பில், வகுப்புத் தலைவர் பதவிக்கு. எதிர்த்து நின்றவன் கணக்கு டீச்சரின் மகன். கரும்பலகையில் இரண்டு பேர் பெயரையும் எழுதிவிட்டு, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பிடித்த பெயருக்குக் கீழே கோடு போடச் சொன்னார்கள். பூவராகவன் பெயருக்குக் கீழே விழுந்தது ஒரே ஒரு கோடு. அதுவும் அவன் போட்டதல்ல. தனக்குத் தானே போட்டுக்கொள்வது மரியாதையில்லை என்று அவன் டீச்சர் மகனுக்குப் போட்டுவிட்டு வந்திருந்தான்.

"எனக்கும் ஒரு ஆளு கீறாங்க்கா" என்று வீட்டுக்கு ஓடிவந்து சொன்னான். அந்த ஆள் யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனால் தோற்றுவிட்டு இத்தனை சந்தோஷமாக வருகிறவனுக்கு அரசியலைத் தவிர வேறெதுவும் ஒத்துவராது என்பது திலகவதிக்கு அன்றே தெரிந்துபோனது.

அடுத்தது அம்மன் கோயில் திருவிழாக் கமிட்டி. தோல்வி. அதற்கடுத்தது கம்பெனி கேன்டீன் கமிட்டி. எல்லை தாண்டித் தடா பக்கம் இருக்கிற ஒரு கம்பெனியில் அக்காவும் தம்பியும் வேலை பார்த்தார்கள். அக்கா பேக்கிங்கில், தம்பி பிரஸ் மெஷினில். சாம்பாரில் பூசணிக்காயை அறவே ஒழிப்பேன் என்று பூவராகவன் வாக்குறுதி கொடுத்தான். எதிராளி வெள்ளிக்கிழமை தோறும் முட்டை என்றான். வெள்ளிக்கிழமை முட்டையைக் கையால் தொடாதவர்கள்கூட முட்டைக்கே ஓட்டுப் போட்டார்கள்.

ஆனால் பஸ் லீடர் தேர்தலில் அவனை யாராலும் அசைக்க முடியவில்லை.

எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி உள்ளே திரும்பினால் வருகிற புன்னஞ்சேரிதான் அவர்கள் ஊர். ஒரு காலத்தில் நாற்று நடப் போன ஜனம் இப்போது விடியுமுன் கம்பெனி பஸ் ஏறுகிறது. அந்த பஸ்ஸுக்கு ஒரு லீடர் உண்டு. தூங்குகிறவர்களைப் போன் அடித்து எழுப்புவது, ஜன்னலோரச் சண்டையைத் தீர்ப்பது, எல்லோரும் ஏறியாயிற்று என்று டிரைவருக்குச் சொல்வது அவர் வேலை. சம்பளம் கிடையாது. டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பெட்டி மேல் உட்காரலாம், அவ்வளவுதான். பொங்கல் லீவு முடிந்த முதல் நாள், ஓடுகிற பஸ்ஸிலேயே கையைத் தூக்கித் தேர்ந்தெடுப்பார்கள்.

பூவராகவனுடைய தந்திரம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வருடமும் ஒரு ஸ்டாப் வாங்கிக் கொடுப்பான். முன்பெல்லாம் பஸ் ஊர் வாயிலில் பால் சொசைட்டியிலும், ஊர்க் கடைசியில் சர்ச் தெரு முனையிலும் மட்டும் நின்றது. முதல் வருடம் ரேஷன் கடை ஸ்டாப் வந்தது. அப்புறம் வேப்பமரம், தண்ணீர் டேங்க், பிள்ளையார் கோயில். மணிகண்டன் என்பவன் பைக்கில் விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது அவன் வீட்டு வாசலில் ஒரு ஸ்டாப். கால் கூடி, அவன் கபடி ஆடவும் போய்விட்டான். ஸ்டாப் மட்டும் அப்படியே இருந்தது. வேப்பமரத்தில் நின்ற பஸ் இரண்டாம் கியர் விழுவதற்குள் மணிகண்டன் வீட்டில் நிற்கும். எல்லையிலிருந்து ஊருக்கு வருகிற நேரத்தைவிட ஊருக்குள் ஊர்கிற நேரம் அதிகமாகிவிட்டது.

இதில் வயிறு எரிந்தது சர்ச் தெருவுக்கு மட்டும். காலையில் பஸ் அங்கிருந்துதான் கிளம்பும், சாயங்காலம் அங்கேதான் போய் முடியும். முதலில் ஏறி, கடைசியில் இறங்குகிற ஜனம். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்த விக்டோரியாதான் அந்தத் தெருவுக்கு வாய். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள் பூவராகவனை எதிர்த்து நிற்பாள். சர்ச் தெருவின் பதினைந்து கை தூக்கும். மிச்சமுள்ள பஸ் அவனுக்குத் தூக்கும்.

"ஏன் பூவராகவா, அப்டியே ஒவ்வொருத்தர் ஊட்டு அடுப்பாண்டயும் ஒரு ஸ்டாப்பு போட்டுடேன். கொழம்பு கொதிக்கிதான்னு பாத்துட்டு ஏறிக்கட்டும்" என்பாள் விக்டோரியா.

"கோரிக்கைய எழுதிக் குடுக்கா, பரிசீலன பண்றேன்" என்பான் அவன்.

இப்படிப்பட்ட நிலவரத்தில்தான் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பூவராகவன் மூன்றாவது வார்டு மெம்பருக்கு நின்றான். எதிர்த்து நின்றவர் அப்பாவு. நெல்வயல், போர்செட்டு, இரண்டு தடவை மெம்பராக இருந்த அனுபவம் எல்லாம் உள்ள மனிதர். யாரைப் பார்த்தாலும் அவர்தான் முதலில் கும்பிடுவார். அவருக்குக் கட்டில் சின்னம் கிடைத்தது, பூவராகவனுக்குக் கத்தரிக்காய்.

"கட்டில்ல படுத்தா தூக்கம், கத்திரிக்கா தின்னா ஊக்கம்" என்று பூவராகவன் ஆட்கள் தெருத்தெருவாகக் கத்தினார்கள்.

அப்பாவு பதற்றப்படவில்லை. "கத்திரிக்கா தின்னா அரிப்புப்பா, டாக்டரே சொல்றாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கும்பிட்டபடி போனார்.

திலகவதி தலைகளை எண்ணி எண்ணிப் பார்த்தாள். வயல் வைத்திருக்கிற வீடுகள் அப்பாவு பக்கம். கம்பெனி போகிற வீடுகள் தம்பி பக்கம். சர்ச் தெரு கம்பெனித் தெருதான் என்றாலும் ஸ்டாப் கோபத்தில் கட்டிலுக்குப் போய்விடும். ஆக, பஸ்ஸில் வருகிற மற்ற நாற்பது பேர் தவறாமல் வந்து குத்தினால் தம்பி மயிரிழையில் ஜெயிக்கலாம். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. கை தூக்கி ஜெயிப்பதெல்லாம் விளையாட்டு. ஜனம் மறைவாகப் போய்க் காகிதத்தில் குத்தி, மடித்து, பெட்டியில் போட்டு, அதில் தம்பி ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும்.

ஒரு சிக்கல். தேர்தல் தமிழ்நாட்டில், கம்பெனி ஆந்திராவில். லீவு கேட்கப் போன பூவராகவனிடம் சூப்பர்வைசர், "மா பக்க எலக்‌ஷன் லேது கதா" என்று, தங்கள் பக்கம் தேர்தல் இல்லையே எனத் தெலுங்கில் சொல்லி, ஒரு சாக்லேட்டையும் கொடுத்து அனுப்பினார்.

"நீ மட்டும் லீவு போட்டுட்டு பூத்தாண்ட இரேன்டா" என்றாள் திலகவதி.

"ஓட்டு பூரா பஸ்ஸுல போவுது. நான் ஊட்ல குந்திக்கினு இன்னாக்கா பண்றது? மேய்க்கிறவன் ஆட்டோடதான் போவணும்."

அந்த வாரம் எல்லோருக்கும் முதல் ஷிப்ட். மூன்று மணிக்குக் கம்பெனி கேட்டை விட்டால் நாலு மணிக்கு ஊர். ஓட்டுப்பதிவு ஐந்து வரை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

தேர்தலன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒரு மினி லாரியில் காய்கறி வரும். அன்றைக்குக் கத்தரிக்காய் கொள்ளை மலிவு. பஸ்ஸில் ஏறிய பெண்கள் ஒவ்வொருவர் பையிலும் கத்தரிக்காய். நல்ல சகுனம் என்று பூவராகவன் இன்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தான்.

செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. வரிசை நகர்ந்து பஸ்ஸின் முறை வந்தபோது தேர்தல் பறக்கும் படை கை காட்டியது. கண்ணாடி போட்ட அதிகாரி ஏறி முதல் பையைத் திறந்தார். கத்தரிக்காய். இரண்டாவது பை. கத்தரிக்காய். எட்டாவது பையைத் திறக்கும்போது அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னாய்யா இது, பஸ் முழுக்க கத்திரிக்கா?"

"மலிவா கெடச்சிது சார்" என்றாள் ஒருத்தி.

அந்த நேரம் பார்த்து மணிகண்டன் பின் சீட்டிலிருந்து, "எங்க சின்னமே கத்திரிக்காதான் சார். அதோ, முன்னாடி குந்திக்கினு கீறாரே, அவர்தான் வேட்பாளரு" என்று பெருமையாகச் சொன்னான்.

அதிகாரி பஸ்ஸை ஓரம் கட்டச் சொன்னார். வாக்காளருக்கு வேட்பாளர் காய்கறி வழங்கினார் என்று எழுதிக்கொள்ள ஆள் வந்தது. காய்கறி லாரிக்காரனை அழைத்து வரச் சொன்னால் அவன் இந்நேரம் சூலூர்பேட்டையில் இருப்பான். பூவராகவன் கும்பிட்டான், கெஞ்சினான், கத்தரிக்காய் தனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்றுகூடச் சொல்லிப் பார்த்தான். அதிகாரி அசையவில்லை. திலகவதி நாலு மணி தாண்டுவதைப் பார்த்து கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

பொறுமை இழந்து எழுந்தது விக்டோரியாதான். அவனைத் தோற்கடிக்கப் பொங்கல் வரை காத்திருக்கலாம், வீட்டுக்குப் போக எத்தனை நேரம் காத்திருப்பது. தன் பையை அதிகாரி முன்னால் கவிழ்த்தாள்.

"சார், இத பாருங்கோ. என் பையிலயும் கத்திரிக்கா கீது. நான் இவனுக்கு ஓட்டு போடவே மாட்டேன். எங்க தெருவே போடாது. இவன் குடுத்தா நான் வாங்குவனா? வெசத்த குடுத்தாகூட இவன் கையால வாங்க மாட்டேன்."

"எதுக்கும்மா அவ்ளோ கோவம்?"

"ஒரு நாளு எங்க பஸ்ஸுல வந்து பாருங்கோ, தெரியும்."

பின்னாலிருந்து சர்ச் தெரு மொத்தமும், "ஆமா சார், போட மாட்டோம்" என்று ஒரே குரலில் சாட்சி சொன்னது. இதைவிடப் பலமான சாட்சியை அதிகாரி அதுவரை பார்த்திருக்க மாட்டார். எழுதிய காகிதத்தைக் கிழித்துப்போட்டு பஸ்ஸை விட்டார். பூவராகவன் விக்டோரியாவைப் பார்த்துக் கும்பிட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊருக்குள் திரும்பியபோது நாலரை ஆகிவிட்டது. பூவராகவன் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாரும் கேளுங்கோ. பஸ்ஸு எங்கயும் நிக்காது. நேரா ஸ்கூலுக்குப் போறோம். எறங்கறோம், குத்தறோம்."

வாக்குச்சாவடியான அந்தப் பள்ளிக்கூடம் சர்ச் தெரு முனையில் இருந்தது. தண்ணீர் டேங்க் ஸ்டாப்பில் இறங்குகிற செண்பகம் கேட்டாள்.

"ஏம்பா, எங்க ஸ்டாப்பு?"

"இன்னிக்கு ஒரு நாளு இல்லக்கா."

"நீதான வாங்கிக் குடுத்த? நீயே நிறுத்தாத போவியா? இத்த நம்பி உனக்கு எப்டி ஓட்டு போடறது?"

"வோட்டர் ஐடி ஊட்ல கீதுப்பா" என்றான் மணிகண்டன். "கார்டு இல்லாம போனா உள்ள உடுவாங்களா?"

காலையிலேயே கார்டைக் கையோடு கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்று பூவராகவனுக்குத் தோன்றவே இல்லை. தன்னுடைய கார்டே எங்கே என்று சட்டைப் பையைத் தடவினான். "உன்துதும் என்துதும் எங்கிட்ட கீது" என்று திலகவதி பர்ஸைத் தட்டிக் காட்டினாள். ஆனால் நாற்பது பேர் கார்டையும் அவளால் தூக்கி வர முடியுமா.

"கார்ட எடுத்துக்கினு, மூஞ்ச கழுவிக்கினு, ரெண்டே நிமிசத்துல வந்துடறோம்" என்றார்கள் பெண்கள். "இந்த எண்ண வழியற மூஞ்சியோட போயா உனக்கு ஓட்டு போடறது? அசிங்கமா இருக்காது?"

டிரைவர் அருணாச்சலம் பூவராகவனைப் பார்த்தார். பூவராகவன் தலையசைத்தான்.

பால் சொசைட்டியில் நின்றது. டிபன் கேரியர், கத்தரிக்காய்ப் பை, குடை எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கின. ரேஷன் கடையில் நின்றது. ஒருத்தி இறங்கிவிட்டு செருப்பை விட்டுவிட்டாள் என்று மறுபடி ஏறினாள். வேப்பமரத்தில் நின்றது. மணிகண்டன் வீட்டு வாசலில் நின்றது. அவன் இறங்கி, "தலைவா, நீ போ, பின்னாடியே வரேன்" என்று வீட்டுக்குள் போனான். தண்ணீர் டேங்க். பிள்ளையார் கோயில். ஐந்து வருடமாகப் பாடுபட்டு வாங்கிய ஸ்டாப் ஒவ்வொன்றிலும் பூவராகவனுடைய ஓட்டு இறங்கி, கை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது பஸ்ஸில் மிச்சம் இருந்தது சர்ச் தெரு பதினைந்து பேரும், அக்காவும் தம்பியும், டிரைவரும்தான். பூவராகவன் திரும்பிப் பார்த்தான். தனக்கு ஓட்டுப் போடவே மாட்டோம் என்று அரசாங்க அதிகாரி முன்னால் சாட்சி சொன்ன அத்தனை பேரையும் அவன் தன் கையாலேயே வாக்குச்சாவடி வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறான்.

"போச்சுக்கா" என்றான்.

திலகவதி எழுந்து பின் சீட்டுக்குப் போனாள். விக்டோரியா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"விக்டோரியா, செக்போஸ்ட்ல நீ பேசலன்னா நாங்க இன்னும் அங்கதான் நின்னுக்கினு இருப்போம்."

"நான் எனக்காகப் பேசனேன், திலகா. ரொம்ப கொழையாத."

"இவன் மெம்பரானா உங்க தெருவுக்கு இன்னா நஷ்டம், சொல்லு."

விக்டோரியாவின் கண் மெதுவாக இன்ஜின் பெட்டி பக்கம் போனது.

"மெம்பராயிட்டா பஸ் லீடரு யாரு?"

"அதுவும் நான்தான்" என்றான் பூவராகவன் முன்னாலிருந்து.

"அதெப்டி? ஒரு ஆளுக்கு ஒரு பதவிதான். பெரிய பெரிய கட்சியிலயே அப்டித்தான் சொல்றாங்கோ. மெம்பரு வேணுமா, லீடரு வேணுமா, ஒண்ணு சொல்லு. லீடர உட்டுட்டன்னா எங்க தெரு பதினஞ்சும் உனக்குத்தான்."

பூவராகவன் இன்ஜின் பெட்டியை ஒரு தடவை தடவிப் பார்த்தான். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஊரே தன் குரலுக்கு நின்று நகர்வதைப் பார்த்தவன் அவன்.

"அக்கா, இதுல தோத்தா பஸ்ஸாவது மிச்சம் கீதேன்னு பாக்கறேன்."

"பொங்கலுக்கு நான்தான் எதுத்து நிப்பேன்" என்றாள் விக்டோரியா.

"நின்னா நீ தோப்ப."

"அது தெரியுந்தான? அதுக்குத்தான் இப்பவே கேக்கறேன்."

திலகவதி தம்பியிடம் வந்தாள். "டேய், கையத் தூக்கி ஜெயிச்சதெல்லாம் போதும்டா. ஒரே ஒரு தடவ பெட்டியில ஜெயி. அப்புறம் நீ எங்க வேணா குந்திக்க."

அருணாச்சலம் அதுவரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒத்துக்க நைனா" என்றார். "கிளட்ச்ச மிதிச்சி மிதிச்சி என் முட்டி பேஜாராயிடுச்சி. நான் தடாக்காரன். இங்க ஓட்டு இருந்தா நானே உனக்கு ரெண்டு போட்டிருப்பேன்."

சர்ச் மணிக்கூண்டு தெரிந்துவிட்டது. விக்டோரியா, "உங்க அக்கா தல மேல கை வெச்சி சொல்லு" என்றாள். பூவராகவன் அக்கா தலையில் கையை வைத்தான். "ஜெயிச்சா உட்டுடறேன்" என்றான். திலகவதி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, எடுக்கவிடாமல், "இன்னொரு தடவ, சத்தமா" என்றாள். சத்தமாகச் சொன்னான்.

சர்ச் தெரு ஜனத்துக்கு வீடு எதிரிலேயே. ஓடிப்போய்க் கார்டை எடுத்துக்கொண்டு, முகமும் கழுவாமல், யூனிபார்மோடு வந்து வரிசையில் நின்றார்கள். அவர்கள் பின்னால் அக்காவும் தம்பியும். இந்தத் தடவை பூவராகவன் தன் சின்னத்திலேயே குத்தினான். திலகவதி காலையிலிருந்து மூன்று முறை நினைவுபடுத்தியிருந்தாள்.

பஸ் ஆட்கள் நாற்பது பேரில் ஐந்தாறு பேர் நேரத்துக்கு ஓடிவந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் கேட் பூட்டிய பிறகு வந்தார்கள். பவுடர் பூசி, பூ வைத்து, பட்டுப்புடவை கட்டி வந்தவர்களும் உண்டு. மணிகண்டன் ஷேவ் செய்துகொண்டு வந்திருந்தான்.

"மெம்பருக்கு ஓட்டு போடறமேன்னு ஒரு மரியாதிக்கு மொகத்த வழிச்சிக்கினு வந்தேன் சார்" என்று கேட்டில் நின்ற போலீஸ்காரரிடம் மன்றாடினான்.

"மரியாதி தெரிஞ்ச ஆளு நேரத்துக்கு வந்திருக்கணும்பா" என்றார் அவர்.

ஓட்டு எண்ணிய அன்று கும்மிடிப்பூண்டியில் கூட்டம் நெரிந்தது. திலகவதி வெளியே நின்று, நகத்தைக் கடிக்கக் கூடாது என்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான்கு ஓட்டு வித்தியாசத்தில் பூவராகவன் ஜெயித்தான். வெளியே வந்தவன் கையில் சான்றிதழ். அக்காவிடம் அதை நீட்டினான். அவள் அதை ஒரு வரி விடாமல், முத்திரை வரைக்கும் படித்தாள். பெயரில் பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அழுதாள்.

அப்பாவு வந்து வழக்கம்போல் முதலில் கும்பிட்டார். "ஊர் பூரா அரிப்பு பரவிப்போச்சிப்பா. நல்லா இரு" என்றார். மேளத்துக்கு முன்னால் ஆடியவர்களில் பாதிப் பேர் ஓட்டே போடாதவர்கள். என் ஓட்டுதான் கரையேத்துச்சி என்று அதிகமாகச் சொன்னவன் மணிகண்டன்.

பொங்கல் முடிந்து முதல் பஸ்ஸில் பூவராகவன் லீடர் பதவியை விடுவதாக அறிவித்தபோது பஸ்ஸே கொதித்தது. அக்கா தலைமேல் சத்தியம் என்றதும் அடங்கியது. விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் போன் அடிக்க வேறு யாரும் முன்வரவில்லை. விக்டோரியா போட்டியில்லாமல் வந்தாள். மறுநாளே ஐந்து ஸ்டாப்பும் போயிற்று. பழைய இரண்டு மட்டும்.

அந்த மறுநாள் காலை, எல்லோரும் இருட்டில் பால் சொசைட்டிவரை நடந்துவந்து ஏறினார்கள். பூவராகவன் பழைய பழக்கத்தில் இன்ஜின் பெட்டி பக்கம் போனான். அங்கே விக்டோரியாவின் பை இருந்தது.

"மெம்பர் சார், பின்னாடி போங்கோ. வழிய மறைக்காதீங்கோ."

பின்னாடி போனான். திலகவதி ஜன்னலோரத்தை விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். பஸ்ஸில் யாரும் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் செண்பகம்தான் சேறு அப்பிய காலைத் தூக்கிக் காட்டினாள்.

"ஸ்டாப்ப உட்டுட்டு மெம்பராயி நாக்கு வழிக்கவா? டேங்க்காண்ட லைட்டு எரியல. கால எங்க வெச்சேன் பாரு."

"எந்தக் கம்பம்க்கா? டேங்க்குக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

"இந்தாண்ட."

"எவ்ளோ நாளா எரியல?"

"யாருக்குத் தெரியும்? இம்மாம் நாளு பஸ்ஸுல எறங்கி நேரா ஊட்டுக்குப் போனோம்."

பூவராகவன் போனை எடுத்தான். அதற்குள் முன் சீட்டிலிருந்து ஒருத்தர், ரேஷன் கடைப் பக்கம் சாக்கடை மூடி இல்லை என்றார். இன்னொருத்தி குழாயைப் பற்றி ஆரம்பித்தாள். செக்போஸ்ட் வருவதற்குள் பாதி பஸ் பின்னால் வந்து அவனைச் சுற்றி நின்றது. எல்லோரும் திட்டிக்கொண்டேதான் கேட்டார்கள்.

"அருணாச்சலண்ணே, ஒரு நிமிசம் ஓரங்கட்டுங்கோ" என்று கத்தினான் பூவராகவன். "ஆபீசருக்குப் போன் போடணும், ஓடற வண்டியில ஒண்ணும் கேக்கல."

"நிக்காது" என்றாள் விக்டோரியா, திரும்பாமலே.

"இந்நேரத்துக்கு எந்த ஆபீசர்டா போன எடுப்பான்?" என்றாள் திலகவதி.

"எடுக்கற வரிக்கும் அடிப்பேன்க்கா."

அவன் எழுந்து கூட்டத்துக்கு நடுவில் நின்றான். ஒரு கையில் போன், இன்னொரு கை செண்பகத்துக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது; கம்பியைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. வேகத்தடையில் பஸ் குதித்தது. திலகவதி பின்னாலிருந்து அவன் பெல்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மெம்பர் பேசி முடிக்கிற வரைக்கும் விடவில்லை.